இது ஆற்றை?

மூன்று வாரமாக எங்கள் கார் ரோட்டில்தான் நின்றது. கராஜ் முழுக்கப் பழைய வயர். கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று சுருள் சுருளாக. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு என் அப்பா இருப்பார். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் என் மகன். ஒருவருக்கு 78 வயது, மற்றவருக்கு 14. இரண்டு பேரும் வயர் உரிக்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

ஹரோவில் நாங்கள் வாங்கிய வீடு 1930-களில் கட்டியது. முழு வயரிங்கும் மாற்ற வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த எலெக்ட்ரீசியன் அண்ணா எங்கட ஆள்தான். முதல் நாளே கேட்டார், "தங்கச்சி, கழட்டிற பழைய வயரை நான் கொண்டுபோகவா, இல்லாட்டி உங்களுக்கு வேணுமா?" வழக்கமாக அது வேலை செய்பவருக்குத்தான் போகும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் வாய் திறக்க முதல் மகன் சொல்லிவிட்டான், "எனக்கு வேணும்."

அண்ணா சிரித்தார். "அப்ப தம்பியே எடுக்கட்டும். ஆனா நான் கழட்டிக் கீழ போட்டதை மட்டும்தான் தொடவேணும். சுவரில இருக்கிறது எதிலயும் கை வைக்கக் கூடாது. சரியோ?" மகன் தலையாட்டினான். புதுச் சைக்கிள் ஒன்றுக்குக் காசு சேர்க்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் அம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. "பழைய இரும்பு பொறுக்கவே இவ்வளவு கஷ்டப்பட்டு லண்டனுக்கு வந்தனாங்கள்? பக்கத்து வீட்டுச் சனம் பார்த்தா என்ன நினைக்கும்?" என்றா. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். கவுன்சில் ஒபிஸில் வேலை செய்யும் நான், மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்கிராப் யார்ட்டில் வரிசையில் நிற்பதா? அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல், பழைய கத்தி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார்.

முதல் நாள் இரண்டு பேரும் எதையும் உரிக்கவில்லை. பிரித்தார்கள், அவ்வளவுதான். இந்த வேலையில் பாதி அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டு வயரில் பெரும்பகுதி சாம்பல் நிறத் தட்டை வயர். இங்கே அதை 'ட்வின் அண்ட் ஏர்த்' என்பார்கள். உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி, நடுவில் உறையே இல்லாத வெறும் ஏர்த் கம்பி. 2004-க்குப் பிறகு போட்டதென்றால் சிவப்பு, கறுப்புக்குப் பதிலாகப் பிரவுணும் நீலமும் இருக்கும். குசினி அடுப்புக்கும் ஷவருக்கும் போனது இதே அமைப்புத்தான், ஆனால் கனமானது. மீட்டரிலிருந்து வந்தது ஒற்றைக் கம்பி, சுண்டுவிரல் மொத்தம். பிறகு பழைய லாம்ப் வயர், டெலிபோன் வயர், கிறிஸ்மஸ் லைற் என்று ஒரு குவியல். மேல் மாடியிலிருந்து வந்தது எல்லாவற்றிலும் பழையது. கறுப்பு ரப்பர் உறை, தொட்டாலே தூளாகக் கொட்டியது.

அந்த ரப்பர் வயரைக் கீறிப் பார்த்துவிட்டு மகன் முகம் சுருங்கியது. "இது அலுமினியம் அம்மா, வெள்ளையா இருக்கு." அப்பா வாங்கி, கத்தி முனையால் இலேசாகச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே சிவப்பு. வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பை அரிக்கும். அதனால் அந்தக் காலத்தில் ரப்பர் வயருக்குள் போகும் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். பிளாஸ்டிக் உறை வந்த பிறகு அது தேவைப்படவில்லை. "செம்புதான், ஆனா முதல் தரத்தில சேராது. அதைப் புறம்பா வை," என்றார் அப்பா. ஊரில் மின்சாரக் கடை ஒன்றில் நாலு வருசம் நின்றவர் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த அப்பா பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தவர்.

ஈய உறை போட்ட கேபிளும் கொஞ்சம் வந்தது. 1930-களின் வீடுகளில் இருக்கக்கூடியதுதான். ஈயம் நஞ்சு. அதை அண்ணாவே கையுறையோடு எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று அப்போதே வந்தது: கராஜால் வந்தால் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, பிறகுதான் பிரிட்ஜைத் திறப்பது.

இனித் தரம். நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் தரத்தை இங்கே 'பிரைட் வயர்' என்கிறார்கள். உறை இல்லாமல், பூச்சு இல்லாமல், ஒட்டு இல்லாமல், கறுக்காமல், பளபளவென்று இருக்கும் தடித்த கம்பி. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் 'பேர் பிரைட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகச் சந்தையில் அதற்கு 'பார்லி' என்றொரு பெயரும் உண்டு. அடுத்ததற்கு 'பெர்ரி', இரண்டாம் தரக் கம்பிக்கு 'பிர்ச்', உறையோடு இருக்கும் வயருக்கு 'ட்ரூயிட்'. மகனுக்கு இந்தப் பெயர்கள் நல்லாகப் பிடித்துவிட்டது. சாக்குகளில் மார்க்கரால் எழுதி வைத்தான்.

தலைமயிர் போல மெல்லிய இழைகள் சுத்தமாக இருந்தாலும் முதல் தரத்தில் சேராது. இழை மெல்லிதாக ஆக, அதே நிறைக்கு மேற்பரப்பு கூடும். காற்றுப்பட்டுக் கறுப்பதும், உலையில் எரிந்து வீணாவதும் கூடும். வெள்ளீயமும் அப்படித்தான் ஒரு தொல்லை. சுத்தமான செம்பை உருக்கினால் நேரடியாக மறுபடி பயன்படுத்தலாம். வேறு உலோகம் கலந்தால் மின்சாரம் கடத்தும் திறன் குறையும், திரும்பச் சுத்திகரிக்க வேண்டும். அந்தச் செலவைத்தான் விலையில் கழிக்கிறார்கள். இது விளங்கினால், ஏன் ஒரு சிறு துண்டுக்கும் கவனம் வேண்டும் என்பது பிள்ளைக்குத் தானாக விளங்கும்.

உரிக்கிற வேலையில் அண்ணா ஒரு வித்தை காட்டினார். தட்டை வயரின் நுனியில் வெளி உறையைக் கொஞ்சம் கீறி, நடுவில் இருக்கும் ஏர்த் கம்பியைக் குறட்டால் பிடித்துப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். கம்பியே உறையைக் கிழித்துக்கொண்டு வரும், பலகாரப் பையைச் சரட்டால் பிரிக்கிற மாதிரி. கத்தி தேவையில்லை. அந்த ஏர்த் கம்பி நேரே முதல் தரச் சாக்குக்குள் போகும். மற்ற இரண்டுக்கும்தான் கத்தி. அதற்கும் ஒழுங்கு உண்டு. வயரைப் பலகையில் பொருத்தி, கத்தியை உடம்புக்கு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். மடியில் வைத்து வெட்டக் கூடாது. மற்றக் கைக்குத் தடித்த கையுறை. கண்ணுக்குக் கண்ணாடி. முதல் சனிக்கிழமையே அப்பா தன் பெருவிரலைக் கீறிக்கொண்டார். கையுறை போடச் சொன்னதற்கு "எனக்குப் பழக்கம்" என்றவர் அவர்தான். அதற்குப் பிறகு பேரன் சொல்லாமலே போட்டான்.

இரண்டாவது வாரம் மகன் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருவர் தோட்டத்தில் வயரைக் குவித்து நெருப்பு வைக்கிறார். பத்து நிமிசத்தில் உறையெல்லாம் போய்விடுகிறது. "ஏன் அம்மா நாங்கள் இப்பிடிச் செய்யேல்லை?"

நல்ல கேள்வி, ஏனென்றால் பதில் இருக்கிறது. அந்த உறை பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. எரித்தால் அமிலப் புகை வரும், டயொக்சின் என்ற நஞ்சும் வரும். செம்பு பக்கத்தில் இருப்பது டயொக்சின் உருவாவதை இன்னும் கூட்டும். அது மண்ணில் படிந்தால் லேசில் போகாது. கானாவின் தலைநகர் அக்ராவில் அக்போபுளொஷி என்றொரு இடம் இருந்தது. பணக்கார நாடுகளிலிருந்து போன பழைய மின்சாதனங்களின் வயரை இளைஞர்கள் அங்கே பல வருசமாக எரித்துச் செம்பு எடுத்தார்கள். அந்தப் படங்களைத் தேடி அவனுக்குக் காட்டினேன். எரிப்பவர்களில் சிலர் அவனைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பாக இருப்பார்கள் போல் இருந்தது. இங்கே 1993 ஆம் ஆண்டின் சுத்தமான காற்றுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உலோகத்துக்காகக் கேபிள் எரிப்பது குற்றம். இதெல்லாம் போக, எரித்த கம்பி கறுத்து முறுகிவிடும், முதல் தர விலையும் கிடைக்காது. கடைசிக் காரணம் அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக ஏறியது. நான் குறை சொல்லவில்லை. 14 வயது.

ஆனால் அவன் அந்த வீடியோவைத் தேடியதற்குக் காரணம் அலுப்பு. இரண்டு சனிக்கிழமை முழுக்க உரித்தும் சாக்கு நிறையவில்லை. அப்போதுதான் குசினித் தராசைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நான் ரொட்டிக்கு மா நிறுக்கும் தராசு, திருப்பிக் கழுவித் தரவேணும் என்ற நிபந்தனையோடு.

பரிசோதனை இதுதான். தட்டை வயரில் சரியாக ஒரு மீட்டர் வெட்டு. நிறு. உரி. செம்பை மட்டும் நிறு. எங்களுடைய 2.5 மில்லிமீட்டர் வயர் ஒரு மீட்டர் 116 கிராம் இருந்தது. செம்பு 58 கிராம். சரிபாதி. பிறகு நான் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொண்டு கேட்டேன், "நிறுக்காமலே இதைச் சொல்லேலுமா?" இரண்டு கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர், ஏர்த் 1.5, மொத்தம் 6.5. ஒரு மீட்டர் நீளத்துக்கு 6.5 கன சென்ரிமீட்டர். செம்பின் அடர்த்தி 8.96. பெருக்கினால் 58.24. தராசும் புத்தகமும் ஒரே விடையைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அடர்த்தி படித்தது ஏதோ ஒரு சோதனைக்காக என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான்.

இனிக் காசுக் கணக்கு. யார்ட்டுக்குப் போன் பண்ணி விலை கேட்டிருந்தோம். அன்றைய விலையில் பிரைட் வயர் கிலோவுக்கு 6 பவுண் 40 பென்ஸ். உரிக்காத வீட்டு வயர் 2 பவுண் 50. ஒரு கிலோ தட்டை வயரை உரித்தால் அரைக் கிலோ செம்பு, 3 பவுண் 20. உரிக்காமல் கொடுத்தால் 2.50. வித்தியாசம் 70 பென்ஸ். ஒரு கிலோ உரிக்க அவனுக்கு 25 நிமிசம் போனது. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 1 பவுண் 68 பென்ஸ்.

"அம்மா, நான் இரண்டு சனிக்கிழமை இதுக்கா இருந்தனான்?"

மீட்டர் வயரையும் அதேபோல் நிறுத்தோம். அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்பு. உரிக்கவும் ஐந்து நிமிசம்தான், உறை வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்றது. அதுதான் விடை. தடித்ததை உரி, மெல்லியதை அப்படியே கொடு. மெல்லிய வயர் வீணாகப் போவதில்லை. அதைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக்கையும் செம்பையும் பிரிக்கிற இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த வேலையை இயந்திரத்துக்கே விடலாம். கிறிஸ்மஸ் லைற், போன் சார்ஜர் வயரெல்லாம் செம்பு குறைவு, பிளக்கை மட்டும் வெட்டிவிட்டுப் புறம்பான சாக்கில் போட்டோம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் புதன்கிழமை மகன் பள்ளிக்கூடத்தால் வரும்போது முதுகுப் பை தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. கராஜுக்குள் நேரே போய், பையைக் கவிழ்த்தான். புத்தம் புது வயர்த் துண்டுகள். பிரவுணும் நீலமும். தடித்தது. மூன்று நாலு கிலோ இருக்கும்.

"எங்கயால?" என்றேன்.

கூட்டாளி ஒருவன் தந்தானாம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. முன்னால் பெரிய இரும்புத் தொட்டி, ஸ்கிப். அதற்குள் கிடந்ததாம். "குப்பைதானே அம்மா. எறிஞ்சதுதானே." விற்ற காசில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று பேச்சு.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். ஒன்றும் செய்யவில்லை. ஒபிஸால் களைத்துப் போய் வந்திருந்தேன். ஸ்கிப்பில் கிடந்தது குப்பைதானே என்று எனக்கும் தோன்றியது. அந்தப் பிள்ளையின் தாயோடு கதைக்க வேண்டிவரும் என்ற பயமும் இருந்தது. "சரி, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றை வைக்கப் போனேன்.

அப்பாதான் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பேரனிடம் கேட்டார், "தம்பி, இது ஆற்றை?"

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'இது யாருடையது' என்பது. மகன் மறுபடி ஸ்கிப் கதையைச் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகு மறுபடியும் அதையே கேட்டார். "அது எங்க கிடந்ததெண்டு சொன்னாய். ஆற்றை எண்டு சொல்லேல்லை."

பிறகு அவர் சொன்னதை நான் என் வாழ்நாளில் முதல் தடவை கேட்டேன். வலிகாமம் வடக்கில் அப்பா 1979-இல் வீடு கட்டினார். கடையில் வேலை செய்தபடியால் வயரைக் கழிவு விலையில் வாங்கி, சுவரில் மரச்சட்டம் அடித்து, ஒவ்வொரு கிளிப்பாகத் தானே அடித்து ஓட்டினாராம். 1986-இல் எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். எனக்கு அப்போது நாலு வயது. சித்தப்பா குடும்பம் அந்த வீட்டில் இருந்தது. 1990-இல் ஊரே இடம்பெயர்ந்தது. போர் முடிந்து, 2012-இல் அப்பா தனியப் போய்ப் பார்த்தார். கூரையில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, யன்னல் இல்லை. அது தெரிந்துதான் போனாராம். "ஆனா சுவரைப் பாத்தன். சட்டத்தைக் கழட்டி, வயரை இழுத்துக்கொண்டு போட்டினம். நான் அடிச்ச ஆணியின்ரை ஓட்டை மட்டும் வரிசையா இருந்தது. சுவிட்சுக்குப் போற வழி, பான் இருந்த இடம், எல்லாம் ஓட்டையைப் பாத்தே சொல்லேலும்."

"யார் எடுத்தது அம்மப்பா?" என்றான் மகன்.

"தெரியாது. எடுத்தவையும் நினைச்சிருப்பினம், ஆளில்லாத வீடுதானே, எறிஞ்சதுதானே எண்டு."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அப்பா வயரைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார்.

ஸ்கிப்பைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். தொட்டிக்குள் போட்டதால் ஒரு பொருள் யாருக்கும் சொந்தமில்லாமல் போவதில்லை. கேட்காமல் எடுத்தால் அது திருட்டாகக் கருதப்படலாம். ஆனால் அன்றைக்கு எங்களை நடத்தியது சட்டம் இல்லை. மகனே சொன்னான், "நாங்கள் போய்க் கேப்பம்." கூட்டாளிக்கு மெசேஜ் போட்டான். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். நானும் மகனும் மட்டும் அடுத்த நாள் பின்னேரம் பையோடு நடந்தோம். அந்த இரண்டு தெரு அவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது.

வேலையாட்கள் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். மகன்தான் கதைத்தான். குரல் நடுங்கியது, ஆனால் முழுக்கச் சொன்னான். தலைமை ஆள் பைக்குள் பார்த்தார். "இது எங்கட பெடியளின்ரை காலைச் சாப்பாட்டுக் காசு" என்கிற மாதிரி இங்கிலிசில் சொன்னார். வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை ஒரு வாளியில் சேர்த்து வைத்து விற்பார்களாம், வாளி வைக்கிற இடம் அந்த ஸ்கிப்பின் ஒரு மூலை. அவர் பையை வாங்கிக் கொட்டிக்கொண்டார். "நன்றி" என்றார். அவ்வளவுதான். முதுகில் தட்டவில்லை, நல்ல பிள்ளை என்று சொல்லவில்லை, ஒரு துண்டும் தரவில்லை.

திரும்பி வரும்போது மகன் கேட்டான், "அவர் கோபமா அம்மா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். கூட்டாளி இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அவன் தனிய இருந்து சாப்பிட்டதாக இளையவள் வந்து சொன்னாள். இதை எழுதுவதற்குக் காரணம், சரியானதைச் செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அப்படி நடக்காத கிழமையும் உண்டு. அந்தக் கிழமையில் அவனுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் கராஜில் அவனோடு இருந்து நானும் உரித்தேன். கதைக்கவில்லை.

யார்ட்டுக்குப் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-இலிருந்து நடைமுறையில் இருக்கும் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி, பழைய உலோகத்துக்குக் கையில் காசு கொடுக்க முடியாது. செக் அல்லது வங்கிக் கணக்குத்தான். விற்பவரின் பெயரும் விலாசமும் ஆவணத்தோடு சரிபார்க்க வேண்டும், பதிவை மூன்று வருசம் வைத்திருக்க வேண்டும். என் டிரைவிங் லைசென்ஸையும் கரண்ட் பில்லையும் பார்த்தார்கள். நாங்கள் போன இடத்தில் சிறுவர்களை வண்டியால் இறங்க விடுவதில்லை. மகன் கண்ணாடிக்கூடாக எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தான். படிவத்தில் 'எங்கிருந்து வந்தது' என்றொரு இடம் இருந்தது. 'எங்கள் வீட்டு வயரிங்' என்று எழுதினேன். அதை எழுதும்போது கை தயங்கவில்லை. அந்த மற்றப் பை காருக்குள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன்.

தராசடியில் நின்றவர் முதல் தரச் சாக்கின் மேல்பகுதியைப் பார்க்கவே இல்லை. கையை அடி வரை விட்டுக் கிளறினார். ஒரு காந்தம் வைத்துப் பார்த்தார். வெள்ளையாக ஒரு துண்டு வந்திருந்தால் முழுச் சாக்கும் அடுத்த தரத்துக்கு இறங்கியிருக்கும். குடம் பாலுக்குத் துளி விஷம் என்பது அங்கே பழமொழி இல்லை, விலைப்பட்டியல். ஒன்றும் வரவில்லை. "நல்லாப் பிரிச்சிருக்கு" என்றார். காருக்குள் இருந்தவனுக்கு நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

பிரைட் வயர் 9.4 கிலோ, 60 பவுண் 16. வெள்ளீயம் பூசியதும் மெல்லிய இழையும் 3.1 கிலோ, கிலோ 5.60 படி 17 பவுண் 36. உரிக்காத வயர் 21.5 கிலோ, 53 பவுண் 75. எல்லாமாக 131 பவுண் 27 பென்ஸ். என் கணக்குக்கு வந்து, பிறகு அவன் கணக்குக்குப் போனது. வரும் வழியில் செம்பின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டான். 1877-இல் தொடங்கிய லண்டன் உலோகச் சந்தையைப் பற்றிச் சொன்னேன். 2024 மே மாதம் அங்கே ஒரு டன் 11,000 டொலரைத் தாண்டியது என்றதும், தன் 9.4 கிலோவை டன்னால் பிரித்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

அம்மா அந்தக் காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு போனில் கதைக்கும்போது, "பேரன் தானே உழைச்சு நூற்று முப்பது பவுண்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு லாச்சி நிறையப் பழைய சார்ஜர் வயர் இருக்கும். உடைந்த வக்யூம் கிளீனரின் வயர் கராஜில் தொங்கும். அதில் பணம் பெரிதாக வராது. ஆனால் பிளக்கில் மாட்டியிராத, இனி ஒருபோதும் மாட்டப்போகாத ஒரு வயரில் ஒரு மீட்டர் வெட்டி, குசினித் தராசில் வைத்து, உரித்துப் பாருங்கள். பிள்ளையை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், எத்தனை வீதம் செம்பு என்று. பக்கத்தில் பாட்டா, பாட்டி இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். எனக்கு 40 வருசம் தெரியாத ஒரு கதை, கையில் வயர் இருந்தபடியால்தான் வெளியே வந்தது.

கூட்டாளி திரும்ப வரத் தொடங்கிவிட்டான். இரண்டு பேரும் அந்தப் பையைப் பற்றிக் கதைப்பதில்லை. சைக்கிளுக்கு இன்னும் 90 பவுண் தேவையாம்.

எனக்குத்தான் புதுத் தொல்லை. போன வெள்ளிக்கிழமை குசினி மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். மகன் என் கையிலிருந்த பேனையைப் பார்த்தான். கவுன்சில் பெயர் அச்சடித்த பேனை. பக்கத்தில் ஒபிஸ் ஸ்டேப்ளர் வேறு.

"அம்மா, இது ஆற்றை?"

திங்கட்கிழமை இரண்டையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.